ஊர் மனு நாடாளுமன்றத்தில் கேள்வியாவது எப்படி? எம்.பி. அலுவலகத்தில் புதிதாகச் சேர்பவர்களுக்கு

கிராமப்புறத் தொகுதி ஒன்றில் எம்.பி. அலுவலகத்தில் சில ஆண்டுகள் மனு பிரித்துக் கொண்டிருந்தேன். புதிதாக வேலைக்கு வரும் பையன்களும் பெண்களும் முதல் வாரத்தில் கேட்கும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: “அண்ணே, இத்தனை மனு வருதே, இதையெல்லாம் தலைவர் எப்போ பார்லிமெண்டுல பேசுவார்?” பேச மாட்டார். பேசவும் முடியாது. தமிழ்நாட்டில் ஒரு மக்களவைத் தொகுதிக்குள் ஆறு சட்டமன்றத் தொகுதிகள் இருக்கின்றன, வாக்காளர்கள் சுமார் பதினைந்து பதினாறு லட்சம் பேர். அவையிலோ 543 உறுப்பினர்கள். கிடைப்பது சில நிமிடங்கள், சில கேள்விகள். எந்த மனுவை எந்த வடிவத்தில் அந்தச் சில நிமிடங்களுக்குள் நுழைப்பது என்பதுதான் நம் வேலை. எனக்கு இதை யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தரவில்லை. அதனால் எழுதி வைக்கிறேன்.

முதலில் மனுவைப் பிரியுங்கள்

பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, தெருவிளக்கு, டவுன் பஸ் நிற்காமல் போவது. மனுப்பையைக் கவிழ்த்தால் மேலே கிடப்பவை இவைதான். ஒன்றுகூட மக்களவையில் கேட்கக்கூடியதல்ல. அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் மத்தியப் பட்டியல், மாநிலப் பட்டியல், பொதுப் பட்டியல் என்று மூன்று உண்டு. அதைப் பிரிண்ட் எடுத்து மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள். ரயில், தேசிய நெடுஞ்சாலை, தபால், தொலைபேசி, வங்கி, துறைமுகம் எல்லாம் மத்திய அரசு. போலீஸ், உள்ளாட்சி, மருத்துவமனை, பாசன வாய்க்கால் மாநிலம். மாநில மனுவை அன்றைக்கே கலெக்டருக்கோ எம்.எல்.ஏ.வுக்கோ கடிதத்தோடு அனுப்பிவிடுங்கள். “பார்க்கிறோம்” என்று சொல்லி ஆறு மாதம் வைத்திருப்பதுதான் பாவம்.

மத்திய அரசு என்று தெரிந்தால் மட்டும் போதாது, எந்த அமைச்சகம் என்று தெரிய வேண்டும். புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. நீலகிரியில் பசுந்தேயிலைக்கு விலை இல்லை என்று மனு வந்தால் கை தானாக வேளாண் அமைச்சகம் என்று எழுதும். தவறு. தேயிலை வாரியம் இருப்பது வணிகத்துறை அமைச்சகத்தில். தென்னை இன்னும் வேடிக்கை. காய்க்கும் மரத்துக்கும் தென்னை வளர்ச்சி வாரியம், அது வேளாண் அமைச்சகம். அதே காயின் மட்டையை நார் எடுத்துக் கயிறாகத் திரித்துவிட்டால் கயிறு வாரியம், அது சிறு, குறு, நடுத்தரத் தொழில் அமைச்சகம். காட்டுப்பன்றி வந்து கடலைக்காட்டை உழுதுவிட்டுப் போனால் வேளாண்மை அல்ல, சுற்றுச்சூழல் அமைச்சகம். ஏனென்றால் அங்கே குறுக்கே நிற்பது 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம். ராமநாதபுரம், நாகப்பட்டினம் பக்கம் மீனவர் கைது என்றால் வெளியுறவு. என் முதல் வருடத்தில் கயிறு பற்றிய ஒரு கேள்வியை வேளாண்மைக்கு எழுதிக்கொடுத்து, ஒரு வாய்ப்பையே வீணாக்கினேன். தலைவர் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் அதிகம் சுட்டது.

அப்புறம் ஊருக்குப் போங்கள்

ஓர் உதாரணத்தை வைத்துக்கொள்வோம். அகல ரயில் பாதைகளில் ஆளில்லா லெவல் கிராசிங்குகள் 2019 ஜனவரியோடு ஒழிக்கப்பட்டன. கேட் இருந்த பல இடங்களில் சுரங்கப்பாதை வந்தது. மழை பெய்தால் அதில் தண்ணீர் நிற்கும். மனுவில் என்ன இருக்கும்? “சுரங்கப்பாதையில் தண்ணீர் தேங்கி மிகவும் சிரமப்படுகிறோம், ஆவன செய்யவும்.” கீழே நாற்பது கையெழுத்து.

இதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. மழை விட்ட மறுநாள் நேரில் போய்ப் பாருங்கள். பால் கேனைத் தலையில் வைத்துக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் ஒருவர் இறங்குவார். பள்ளிப் பிள்ளைகள் பையை மாட்டிக்கொண்டு மேலே ஏறித் தண்டவாளத்தைக் கடப்பார்கள். திண்ணையில் இருக்கும் பெரியவர் சொல்வார்: “தம்பி, கேட் இருந்தப்ப கால் மணி நேரம் நின்னோம். இப்ப கால் மாசம் நிக்கிறோம்.” இதைக் குறிப்பேட்டில் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், பின்னால் உதவும். ஆனால் அதைவிட முக்கியமான ஒன்று பக்கத்திலேயே இருக்கும். ஊருக்கு அது ‘மாரியம்மன் கோயில் கேட்’. ரயில்வே கோப்பில் அப்படி ஒரு கேட் கிடையாது. அங்கே அதற்கு ஓர் எல்.சி. எண் (லெவல் கிராசிங் எண்) உண்டு, எந்த இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவே என்பது உண்டு, கிலோமீட்டர் கல் எண் உண்டு. அந்த மூன்றையும் குறிக்காமல் திரும்பாதீர்கள். டெல்லியில் உட்கார்ந்து பதில் தயாரிக்கும் அதிகாரிக்கு மாரியம்மனைத் தெரியாது.

கூடவே தேதியிட்ட போட்டோக்கள், தண்ணீர் எத்தனை நாள் நின்றது, மாற்றுப் பாதை எத்தனை கிலோமீட்டர். கிராம சபைத் தீர்மானம் இருந்தால் நகல் வாங்குங்கள். இல்லையென்றால் அடுத்த கிராம சபையில் போடச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் குடியரசு தினம், மார்ச் 22, மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, நவம்பர் 1 என்று வருடத்தில் ஆறு நாள் கூடுகிறது. நாற்பது கையெழுத்தைவிடத் தீர்மான எண் போட்ட ஒரு தாளுக்குக் கனம் அதிகம்.

கேள்விக்கு முன் ஒரு கடிதம்

எடுத்ததும் அவைக்குப் போகாதீர்கள். எம்.பி.யின் லெட்டர்பேடில் துறைக்கு ஒரு கடிதம் போகட்டும். மத்திய அரசு அலுவலக நடைமுறைப்படி, எம்.பி. கடிதம் கிடைத்ததை 15 நாளுக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், அடுத்த 15 நாளுக்குள் பதில் தர வேண்டும். சின்ன வேலையாக இருந்தால் இதிலேயே முடிந்துவிடும். முடியாவிட்டாலும் நஷ்டமில்லை. இன்ன தேதியில் எழுதினோம், பதில் இல்லை என்பதே நாளைக்கு அவையில் பேச ஒரு வரி. ரயில்வேக்குக் கோட்ட அளவில் எம்.பி.க்களோடு நடக்கும் கூட்டம் உண்டு, அதற்கும் ஒரு நகல் தயாராக இருக்கட்டும்.

எந்த வாசல் வழியாக நுழைவது

அவையில் ஊர்ப் பிரச்சினையை எழுப்ப ஒரு வழியல்ல, பல வழிகள் இருக்கின்றன. டி.வி.யில் தெரிவது பூஜ்ய நேரம், அதாவது கேள்வி நேரம் முடிந்ததும் உறுப்பினர்கள் அவசர விஷயங்களை எழுப்பும் நேரம். அதனால் எல்லாரும் அதையே கேட்பார்கள். “தலைவரைப் பேச வைங்க, வீடியோவை வாட்ஸ்அப்பில் போடணும்.” தேவைதான், தப்பில்லை. ஆனால் பூஜ்ய நேரம் என்பது விதிப் புத்தகத்திலேயே இல்லாத, 1960-களில் வழக்கமாகி நிலைத்துவிட்ட ஒன்று. அமைச்சர் அந்த இடத்தில் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் கிடையாது. புயல், திடீர் பயிர்ச்சேதம், மீனவர் கைது போல இன்று பேசாவிட்டால் நாளை பழசாகிவிடும் விஷயத்துக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள்.

சுரங்கப்பாதைக்குப் பொருத்தம் மக்களவை நடைமுறை விதிகளில் விதி 377, அதாவது குறையை முன்கூட்டி எழுதிக்கொடுத்து அவையில் படிப்பது. ஓர் உறுப்பினருக்கு வாரத்துக்கு ஒன்று, 250 சொல்லுக்குள். எழுதிக்கொடுத்ததைத்தான் படிக்க வேண்டும், கூட ஒரு வார்த்தை சேர்க்க முடியாது. பல நாள் படிக்கக்கூட நேரமிருக்காது, அவையின் மேசையில் வைத்ததாக எடுத்துக்கொள்வார்கள். பார்க்க உப்புச் சப்பில்லாமல் இருக்கும். ஆனால் இது சம்பந்தப்பட்ட அமைச்சகத்துக்குப் போகிறது, அங்கிருந்து உறுப்பினருக்கு எழுத்தில் பதில் வருகிறது. கையில் காகிதம் இருந்தால் அடுத்த அடி வைக்கலாம்.

கேள்வி இரண்டு வகை. நட்சத்திரக் குறியிட்டது என்றால் கேள்வி நேரத்தில், பொதுவாக 11 முதல் 12 மணி வரை, அமைச்சர் வாயால் பதில் சொல்வார். கேட்டவருக்கு இரண்டு துணைக் கேள்விகள் கிடைக்கும். ஒரு நாளைக்கு 20 கேள்விகள்தான் பட்டியலில் வரும், அதிலும் ஐந்தாறுதான் நேரத்துக்குள் முடியும். குறியிடாதது என்றால் எழுத்துப் பதில் மட்டும், நாளொன்றுக்கு 230 வரை. இரண்டுக்கும் குறைந்தது 15 முழு நாள் முன்னதாக நோட்டீஸ், ஒரு நாளைக்கு ஓர் உறுப்பினருக்கு ஐந்து. யாருடையது மேலே வரும் என்பது குலுக்கல். குலுக்கலில் விழவில்லையே என்று வருத்தப்படும் புதியவர்களுக்கு என் கருத்து: கிராமத்து விஷயத்துக்கு குறியிடாத கேள்வியே மேல். மாவட்டவாரியாக, வருடவாரியாக அட்டவணை போட்டுக் கொடுத்துவிடுவார்கள். வாய்ப் பதிலில் அந்த அட்டவணைக்குள் இறங்க யாருக்கும் நேரமிருக்காது.

இன்னொரு வாசல் யாரும் அதிகம் கவனிப்பதில்லை. பட்ஜெட் கூட்டத்தொடரில், துறைகள் தம் செலவுக்குப் பணம் கேட்கும் மானியக் கோரிக்கை வரும்போது வெட்டுத் தீர்மானம் கொடுக்கலாம். அதில் ஒரு வகை, கோரிக்கைத் தொகையில் 100 ரூபாயைக் குறைக்கச் சொல்வது. லட்சம் கோடியில் நூறு ரூபாய் குறைந்து என்ன ஆகப்போகிறது? ஒன்றும் ஆகாது. குறிப்பிட்ட ஒரு குறையை அவையின் பதிவில் ஏற்றுவதற்காகவே அப்படி ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பல துறைகளின் கோரிக்கைகள் விவாதமே இல்லாமல் கடைசி நாளில் மொத்தமாக நிறைவேறிவிடும், அதனால் எந்தத் துறை விவாதத்துக்கு வருகிறது என்று பார்த்துக் கொடுங்கள்.

கவன ஈர்ப்பு, குறுகிய கால விவாதம், வெள்ளிக்கிழமை மதியத்துத் தனிநபர் மசோதா ஆகியவை எல்லாம் பெரிய விஷயங்களுக்கு. இப்போதைக்குப் பெயர் தெரிந்திருந்தால் போதும். மனுக்கள் குழுவை மட்டும் நினைவில் வையுங்கள். ஊர்க்காரர்களே மக்களவைக்கு நேராக மனு எழுதலாம், எம்.பி. மேலொப்பம் இட்டு அவையில் சமர்ப்பிக்கலாம்.

கேள்வியை எழுதும் விதம்

இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். புதிதாக வந்தவர் எழுதும் முதல் வரைவு பெரும்பாலும் இப்படி இருக்கும்:

“எங்கள் தொகுதியில் ரயில்வே சுரங்கப்பாதையில் மழைநீர் தேங்கி, பொதுமக்கள் சொல்லொணாத் துயரம் அடைவதை அரசு அறியுமா? உடனே மோட்டார் அமைக்க முன்வருமா?”

இது மேடைப் பேச்சு. கேள்வியில் வாதம் இருக்கக் கூடாது, வர்ணனை இருக்கக் கூடாது, ஏற்கெனவே பதில் சொன்னதைத் திரும்பக் கேட்கக் கூடாது, பொதுவாக 150 சொல்லைத் தாண்டக் கூடாது. மிகச் சின்ன விஷயம் என்று தோன்றினாலும் மக்களவைச் செயலகம் தள்ளிவிடும். சரி, ஓர் ஊர்ச் சுரங்கப்பாதை சின்ன விஷயம்தானே? அங்கேதான் ஒரு சூட்சுமம். ஊரை ஒரு பெரிய படத்துக்குள் வையுங்கள். இப்படி:

(அ) தமிழ்நாட்டில் கடந்த மூன்று ஆண்டுகளில் லெவல் கிராசிங்குகளுக்கு மாற்றாகக் கட்டப்பட்ட சுரங்கப்பாதைகள் எத்தனை, மாவட்டவாரியாக;

(ஆ) அவற்றில் மழைநீர் தேங்குவதாகப் புகார் வந்தவை எவை, எல்.சி. எண் இன்னதுக்கு மாற்றாகக் கட்டப்பட்டது அவற்றுள் ஒன்றா;

(இ) தேங்கும் நீரை வெளியேற்றும் பொறுப்பு ரயில்வேயுடையதா, உள்ளாட்சி அமைப்புடையதா;

(ஈ) நிரந்தர வடிகாலுக்கு ஒதுக்கிய தொகை எவ்வளவு, பணி முடியும் காலம் எப்போது. ஒதுக்கவில்லையெனில் அதற்கான காரணங்கள் என்ன?

நான்கிலும் உயிர் (இ)-யில் இருக்கிறது. மழை வந்தால் ஊராட்சித் தலைவர் ரயில்வேயைக் கை காட்டுவார், அங்கே போனால் ஊராட்சியைக் கை காட்டுவார்கள். பொறுப்பு யாருடையது என்று அமைச்சர் கையெழுத்தோடு ஒரு வரி வந்துவிட்டால் அந்த விளையாட்டு நின்றுபோகும். (ஈ)-யின் வாலையும் கவனியுங்கள். “இல்லையெனில் காரணங்கள் என்ன” என்று சேர்க்காவிட்டால் “இல்லை” என்ற ஒரே சொல்லில் பதில் முடிந்துவிடும். அது முழுப் பதில்தான், நீங்கள் குறை சொல்லவும் முடியாது.

எழுதுவதற்கு முன் நாடாளுமன்ற இணையதளத்தில் பழைய கேள்விகளைத் தேடிப் பாருங்கள். வேறு மாநிலத்து உறுப்பினர் ஒருவர் இதையே கேட்டிருப்பார். அந்தப் பதிலின் ஓட்டையிலிருந்து உங்கள் கேள்வியைத் தொடங்கலாம். தரவு வேண்டுமென்றால் உறுப்பினர்களுக்கென்றே நாடாளுமன்ற நூலகத்தில் தகவல் சேவை இருக்கிறது. கூச்சப்படாமல் கேட்கச் சொல்லுங்கள்.

ஓர் எச்சரிக்கை. கேள்வியை நாம் எழுதித் தரலாம், ஆனால் கேள்வி உறுப்பினருடையது. யாராவது ஒரு கம்பெனிக்காரர் டைப் செய்த கேள்வியோடு வந்து, “தம்பி, இதையும் சேர்த்துப் போட்டுடுங்க” என்றால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள். கேள்வி கேட்கப் பணம் வாங்கிய விவகாரத்தில் 2005 டிசம்பரில் இரு அவைகளிலுமாக 11 உறுப்பினர்கள் நீக்கப்பட்டார்கள். கேள்விகளைப் பதிவு செய்யும் நாடாளுமன்ற இணையவாசலின் கடவுச்சொல்லை வெளியாளிடம் கொடுத்த விவகாரத்தில் 2023 டிசம்பரில் ஒருவர் பதவி இழந்தார். கடவுச்சொல் உறுப்பினரிடமே இருக்கட்டும். உங்களுக்கு அது தெரியாமல் இருப்பது உங்களுக்கே நல்லது.

அவையில் அன்று

எழுத்து வேலை முடிந்தால் அவை வேலை சுருக்கம்தான். தமிழில் பேசலாம், உரைபெயர்ப்பு உண்டு, முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். நிமிடத்துக்கு நூறு சொல் என்று கணக்கு வைத்து எழுதுங்கள். வணக்கம், நன்றி, தலைவர் வாழ்த்து எல்லாவற்றுக்கும் போக மீதிதான் ஊருக்கு. ஊர்ப் பெயரும் கோரிக்கையும் முதல் இரண்டு வாக்கியத்தில் வந்துவிட வேண்டும், ஏனென்றால் மைக் அடுத்தவருக்குப் போகும் நேரம் நம் கையில் இல்லை. பெரியவர் சொன்ன அந்தக் கால் மணி நேரம், கால் மாசம் வாக்கியம் இங்கேதான் உதவும். துணைக் கேள்வியில் அதைச் சொல்லிவிட்டுத் தேதி கேட்டால் அமைச்சர் ஏதாவது சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஓர் அதிகாரியின் பெயரைச் சொல்லிக் குற்றம் சாட்டுவதாக இருந்தால் விதி 353 இருக்கிறது. சபாநாயகருக்கும் அமைச்சருக்கும் முன்னறிவிப்பு கொடுக்காமல் பேசினால் அந்தப் பேச்சை அவைப் பதிவிலிருந்து நீக்கிவிடுவார்கள். கோர்ட்டில் இருக்கும் வழக்கையும் தொடாதீர்கள். பக்கத்துத் தொகுதி எம்.பி.க்கும் இதே தொல்லை இருந்தால், எந்தக் கட்சியானாலும், தம்மையும் இணைத்துக்கொள்ளச் சீட்டு கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். தண்ணீருக்குக் கட்சி தெரியாது.

பதில் வந்த பிறகு

பெரும்பாலான அலுவலகங்களில் பதில் வந்ததும் பேஸ்புக்கில் போட்டுவிட்டு ஃபைலை மூடிவிடுகிறார்கள். எனக்கு இது ஆறாத கோபம். பதிலை வரிவரியாகப் படியுங்கள். “தகவல் திரட்டப்பட்டு வருகிறது, அவையின் மேசையில் வைக்கப்படும்” என்று இருக்கிறதா? “பரிசீலனையில் உள்ளது” என்று இருக்கிறதா? தட்டிக்கழிக்கிற பதில் என்று தூக்கிப்போட்டுவிடாதீர்கள். இந்த மாதிரி வாசகங்களை மக்களவை உறுதிமொழியாக எடுத்துக்கொள்கிறது. உறுதிமொழி என்றால் மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். இல்லையென்றால் அமைச்சகம் கால நீட்டிப்பு கேட்க வேண்டும். இதைக் கண்காணிக்கவே அரசு உறுதிமொழிகள் குழு என்று ஒன்று 1953 முதல் இருக்கிறது. நாம் செய்ய வேண்டியது, அந்தத் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு, 91-ஆம் நாள் காலையில் அமைச்சகத்துக்கும் குழுவுக்கும் கடிதம் அனுப்புவது.

பதில் அரைகுறை என்றால் விதி 55-இன் கீழ் அரை மணி நேர விவாதம் கேட்கலாம். கேள்வி சாதாரணமானது என்று அலட்சியம் வேண்டாம். எல்.ஐ.சி. பங்கு வாங்கியது பற்றி 1957-இல் எழுந்த கேள்விகள் விசாரணை வரை போய், 1958-இல் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகுவதில் முடிந்தன.

பதில் ஆங்கிலத்திலும் இந்தியிலும் வரும். அதை ஒரு பக்கத் தமிழாக்கி, மனு கொடுத்த ஊருக்கு அனுப்புங்கள். “பண்ண முடியாது” என்ற பதிலானாலும் அனுப்புங்கள். ஊர்க்காரர்கள் முடியாது என்பதைத் தாங்கிக்கொள்வார்கள், தகவலே இல்லாமல் இருப்பதைத்தான் மன்னிக்க மாட்டார்கள்.

அதே பதிலை மாவட்டத்தில் திஷா கூட்டத்துக்கும் எடுத்துப் போங்கள். மாவட்ட வளர்ச்சி ஒருங்கிணைப்பு, கண்காணிப்புக் குழு என்று 2016-இல் வந்தது. தலைவர் எம்.பி., உறுப்பினர் செயலர் கலெக்டர், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும். எல்லாத் துறை அதிகாரிகளும் ஒரே அறையில் இருக்கும் நாள் அது. டெல்லியில் வாங்கிய பதிலை அந்த மேசையில் வைத்து “இதில் சொன்னபடி வேலை எந்த அளவில் இருக்கிறது?” என்று கேட்டு, பதிலை நடவடிக்கைக் குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள். டீ, முறுக்கோடு கூட்டம் முடிந்துவிடாமல் பார்ப்பதும் நம் வேலைதான்.

“எம்.பி. நிதியில கட்டிக் குடுத்துடலாமே?” என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். வருடத்துக்கு 5 கோடி ரூபாய், ஆறு சட்டமன்றத் தொகுதிகளுக்கும் சேர்த்து. அதில் 15 சதவீதம் பட்டியல் சாதியினர் வாழும் பகுதிகளுக்கும், 7.5 சதவீதம் பழங்குடியினர் பகுதிகளுக்கும் போக வேண்டும். எம்.பி. பரிந்துரைக்கத்தான் முடியும், பணத்தை விடுவித்து வேலை செய்வது மாவட்ட நிர்வாகம். ஒரு நிழற்குடைக்கும் வகுப்பறைக்கும் நல்லது. இன்னொரு துறை தன் செலவில் செய்ய வேண்டிய வேலைக்கு இதை எடுத்துக் கொடுத்தால் அந்தத் துறை அடுத்த ஊரிலும் கை விரிக்கும்.

ஒவ்வொரு மனுவுக்கும் பதிவேட்டில் ஒரே வரிசை போடுங்கள்: மனு தேதி, ஊர், எல்.சி. எண் மாதிரி அடையாளம், அமைச்சகம், கடிதத் தேதி, கேள்வி எண், பதில் தேதி, உறுதிமொழி முடியும் தேதி, ஊருக்குத் தமிழில் அனுப்பிய தேதி. எக்செல் இருந்தாலும் ஒரு நீளநோட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டரைத் திறக்கும் முன் பெரியவர் நோட்டை எட்டிப் பார்த்துத் தன் ஊர்ப் பெயரைக் கண்டுபிடித்துவிடுவார்.

கடைசியில் வடிகால் வெட்டி, மோட்டாரும் வந்து இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அந்த மாதமே அதே ஊர்க்காரர்கள் மறுபடி வந்து நிற்பார்கள், கையில் புது மனுவோடு: மோட்டார் இருக்கிறது, கரண்ட் கனெக்‌ஷன் இல்லை. வாங்கிப் படித்து, தேதி போட்டு, மின்வாரியத்துக்கு அனுப்பும் மனுக்கட்டில் வையுங்கள். எம்.எல்.ஏ. அலுவலகத்துக்கு ஒரு நகல்.